வருகைப் பதிவில் கடைசிப் பெயர்

காலை ஐந்து நாற்பது. கண் விழித்ததும் முதலில் பார்த்தது, வாசல் கதவோடு சாய்த்து வைத்திருந்த அம்மாவின் கறுப்புக் குடையை. அதன் பக்கத்தில் என் தங்கை உட்கார்ந்திருந்தாள். நீலப் பாவாடை, வெள்ளைச் சட்டை, வெள்ளைத் தாவணி. இரட்டைச் சடையில் ஒன்றுக்கு மட்டும் ரிப்பன் கட்டியிருந்தாள். மற்றதைக் கட்ட வராமல் மடியில் வைத்திருந்தாள். தோளில் பை, அதிலிருந்து சிலேட்டின் ஒரு மூலை வெளியே துருத்திக்கொண்டிருந்தது. அவளுக்கு அப்போது பத்தொன்பது வயது.

அன்று ஜூன் முதல் தேதி. பள்ளிக்கூடம் திறக்கும் நாள். முந்தின நாளோடு அம்மாவின் ஆசிரியர் வேலை முடிந்திருந்தது. ஒரு ஆசிரியருக்கு எந்த மாதத்தில் ஐம்பத்தெட்டு வயது முடிந்தாலும், பிள்ளைகளின் படிப்பு நடுவில் அறுந்துவிடக் கூடாது என்பதற்காக மே மாதக் கடைசி வரை வைத்திருப்பார்கள். அதனால் பல ஆசிரியர்களுக்குப் பணியின் கடைசி நாள் விடுமுறையில்தான் வரும். அன்று பள்ளியில் மணி அடிக்க ஆள் இருக்காது. அம்மாவுக்கும் ஏப்ரலிலேயே சால்வை போர்த்திக் குழுப்படம் எடுத்து அனுப்பிவிட்டார்கள். மதுரையில் வேலையில் இருந்த நான் அந்த மே முப்பத்தொன்றுக்காக இரண்டு நாள் விடுப்பில் வந்திருந்தேன்.

இதைத் தங்கைக்கு எப்படிச் சொல்வது என்று வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. அப்பா ஒருமுறை முயன்றார். "இனிமே பள்ளிக்கூடம் கெடையாதும்மா, அம்மாவுக்கு லீவு விட்டுட்டாங்க," என்றார். அவள் கேட்டுக்கொண்டாள். செத்த நேரம் கழித்து, "லீவு முடிஞ்சிரும்," என்றாள்.

அம்மா அடுப்படியிலிருந்து வந்தார். அவளைப் பார்த்தார். கீழே உட்கார்ந்து இரண்டாவது ரிப்பனையும் கட்டிவிட்டார். கட்டி முடித்ததும் தங்கை எழுந்து நின்று, வலது கையைத் தலைக்கு மேலாக வளைத்து இடது காதைத் தொட்டுக் காட்டினாள். பிறந்த தேதி தெரியாத பிள்ளைகளுக்கு ஐந்து வயது ஆகிவிட்டதா என்று பார்க்கப் பள்ளிக்கூடங்களில் வைத்திருந்த சோதனை அது. கை எட்டினால் ஒன்றாம் வகுப்பில் சேர்த்துக்கொள்வார்கள். ஒவ்வொரு ஜூனிலும் அவள் அதைச் செய்து காட்டுவாள். இப்போது அவளுடைய விரல்கள் காதைத் தாண்டித் தாடை வரை வந்தன.

"தொட்டுருச்சு," என்றாள்.

"தொட்டுருச்சு," என்றார் அம்மா.

அப்பா கட்டிலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். மில் வேலையிலிருந்து நின்ற பிறகும் ஆறு மணிச் சங்குக்கு முன்னால் எழுந்துவிடுவது அவர் வழக்கம்.

"பள்ளிக்கூடத்துப் பீரோ சாவி ஒங்கிட்டதான இருக்கு," என்றார் அம்மாவிடம். "நான் போய்க் குடுத்துட்டு வாரேன். நீ இவளைப் பாத்துக்க."

"இல்ல, நானே போறேன். இவளையும் கூட்டிட்டு."

"கூட்டிட்டுப் போயி?"

"கேட்டுப் பாக்கேன்."

"கேட்டு, அவங்க முடியாதுன்னுட்டா?"

அம்மா தூக்குவாளியில் சாப்பாட்டை எடுத்து வைத்தார். கேட்க வேண்டியது என்ன என்பது எங்களுக்குத் தெரியும். அம்மாவின் இடத்துக்கு வருகிற புது டீச்சர் என் தங்கையை ஒன்றாம் வகுப்பில் உட்கார விடுவாரா? அவ்வளவுதான். அந்த ஒரு வாக்கியத்தை அம்மா யாரிடமும் இதுவரை கேட்க வேண்டியிருந்ததில்லை. வகுப்பு அவருடையதாக இருந்தது.

எங்கள் வீடு ராஜபாளையத்தில். அம்மாவின் பள்ளி சுந்தரபாண்டியத்துக்கு அந்தப் பக்கம் ஒரு சிற்றூரில். ஒன்றியத் தொடக்கப் பள்ளி. ஒரே கூடம், குறுக்கே ஒரு மூங்கில் தட்டி, இரண்டு ஆசிரியர்கள். தட்டிக்கு இந்தப் பக்கம் ஒன்று, இரண்டு, மூன்றாம் வகுப்புகள் அம்மாவுக்கு. அந்தப் பக்கம் நான்கும் ஐந்தும் தலைமையாசிரியருக்கு. அவரைப் பிள்ளைகள் பெரிய சார் என்பார்கள். அம்மாவும் அப்படித்தான் கூப்பிடுவார். காலையில் ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர், அங்கே இறங்கிக் கூமாப்பட்டி பேருந்து, பிறகு வயலோரம் கொஞ்ச தூரம் நடை. சாயங்காலம் அதே வழியில் திரும்பல்.

நான் உள்ளூர்ப் பள்ளியில் படித்தேன். தங்கை எனக்கு ஆறு வயது இளையவள். அவள் பிறந்தபோது அம்மாவுக்கு நாற்பதை ஒட்டிய வயது. அப்பாவுக்கு மாறி மாறி ஷிப்ட். வீட்டில் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. அவள் நடக்கத் தொடங்கியதும் அம்மா அவளைத் தன்னோடு பள்ளிக்குக் கொண்டுபோனார். அந்த நாளில் டீச்சர் வீட்டுப் பிள்ளைகள் பலர் இப்படித்தான் வளர்ந்தார்கள். மேசைக்கு அடியில் பாயில் தூங்கி, பெரிய பிள்ளைகளின் இடுப்பில் ஏறி, மத்தியானம் சத்துணவு ஆயா ஊட்டிச் சாப்பிட்டு.

அவள் பேசத் தாமதமாயிற்று. பேசியபோது பாடமாகத்தான் பேசினாள். அம்மா சொல்ல, கூடமே திருப்பிச் சொல்லும். அந்தச் சத்தத்துக்குள் அவள் குரலும் ஏறியது. "அ, அம்மா. ஆ, ஆடு." இழுத்து, தலையை ஆட்டி, ராகம் மாறாமல் சொல்வாள். பள்ளியில் சேரும் வயது வருவதற்கு முன்பே வாய்ப்பாடு அவளுக்கு வந்துவிட்டது. வீட்டுக்கு வந்தவர்கள் அதிசயப்பட்டார்கள். "டீச்சர் பிள்ளைல்லா!" என்றார்கள். அம்மா அதை மறுக்கவில்லை.

ஐந்து வயதில் காதைத் தொட்டாள். ஒன்றாம் வகுப்பில் பெயர் எழுதினார்கள். கரும்பலகையில் எழுதிப் போட்டதைச் சிலேட்டில் பார்த்து எழுதச் சொன்னால், அச்சு அடித்தது போல் எழுதுவாள். சுழிகள் முழு வட்டமாக இருக்கும். அந்தச் சிலேட்டை அம்மா மற்றப் பிள்ளைகளுக்குத் தூக்கிக் காட்டியது உண்டு. வாசிக்கும்போது எல்லாரும் சேர்ந்து வாசிப்பார்கள். அவள் குரல் அரை நொடி பின்னால் வரும். தனியாக எழுப்பி வாசிக்கச் சொல்வதும் உண்டு. ஆனால் அம்மா தன் பிள்ளையை ஒருநாளும் எழுப்பவில்லை. சொந்தப் பிள்ளையை முன்னால் நிறுத்தினால் மற்றப் பெற்றோர் ஏதாவது சொல்வார்கள் என்று ஒரு எண்ணம். நேர்மை என்று நினைத்துத்தான் அதைச் செய்தார்.

மே மாதத்தில் மட்டும் அவளுக்கு எல்லாம் மறந்துவிடும். வீட்டில் சிலேட்டை நீட்டினால் பேசாமல் உட்கார்ந்திருப்பாள். ஒரு மே மாதம் பேருந்து நிலையத்தில் அப்பா அவளிடம், "எந்த பஸ்ஸும்மா ஸ்ரீவில்லிபுத்தூர் போகுது?" என்று கேட்டார். தினமும் போகிற ஊர். அவள் பலகையைப் பார்க்கவில்லை. ஓட்டுநரின் முகத்தைப் பார்த்து, தெரிந்த முகம் இல்லையென்று தலையை ஆட்டிவிட்டு, பக்கத்தில் நின்ற தென்காசிப் பேருந்தை நோக்கி நடந்தாள்.

"டீச்சரம்மா," என்றார் அப்பா அன்று இரவுச் சாப்பாட்டின்போது. வம்புக்கு இழுக்கும்போது அவர் அம்மாவை அப்படித்தான் கூப்பிடுவார். "ஊருக்கெல்லாம் எழுத்துச் சொல்லிக் குடுக்க. நம்ம வீட்டுச் சின்ன டீச்சர் தென்காசி பஸ்ஸுல ஏறப் பாத்தா."

"லீவுல எந்தப் பிள்ளைக்குத்தான் ஞாபகம் இருக்கு? தெறந்து ஒரு வாரம் ஆகட்டும், தானா வந்துரும்."

"வந்துருமா?"

"நான் எம்புட்டுப் பிள்ளைகளைப் பாத்துருக்கேன். நீங்க மில்லுல நூலைப் பாருங்க, போதும்."

இது வெறும் சமாளிப்பு இல்லை. கோடையில் பிள்ளைகள் மறப்பார்கள் என்பது எந்தத் தொடக்கப்பள்ளி ஆசிரியரும் அறிந்ததுதான். ஜூன் மாதத்தின் முதல் இரண்டு வாரம் பழைய பாடத்தைத் திருப்பிச் சொல்வதிலேயே போகும். அம்மா சொன்னபடியே நடக்கவும் செய்தது. பள்ளி திறக்கும், கூடம் பாடத் தொடங்கும், என் தங்கைக்கு எல்லாம் திரும்பி வந்துவிடும். அம்மா அப்பாவிடம், "பாத்தீங்களா?" என்பார். இப்படியே இரண்டு கோடைகள் போயின.

மூன்றாவது கோடையின் கடைசி வாரத்தில்தான் தெரிந்தது. அவள் மூன்றாம் வகுப்பு முடித்திருந்தாள். ஜூனில் தட்டிக்கு அந்தப் பக்கம், பெரிய சாரிடம் நான்காம் வகுப்புக்குப் போக வேண்டும்.

பள்ளி திறப்பதற்கு முந்தின வாரம் ஆசிரியர்கள் வீடு வீடாகப் போவார்கள். ஐந்து வயதான பிள்ளைகளைச் சேர்க்கச் சொல்லிக் கேட்பார்கள். பிள்ளை பிடிக்கப் போகிறது என்று எங்கள் வீட்டில் சொல்வோம். பிள்ளைகள் குறைந்தால் ஒரு ஆசிரியர் இடம் போய்விடும். அந்த ஆண்டு வெயில் கடுமை என்பதால் குடையும் தண்ணீரும் எடுத்துக்கொண்டு நானும் போனேன். தங்கையையும் அம்மா சீருடை போட்டு அழைத்து வந்திருந்தார். டீச்சர் தன் பிள்ளையையே இங்கேதான் படிக்க வைக்கிறார் என்பதைவிடப் பெரிய சிபாரிசு ஒரு பள்ளிக்கு இல்லை.

நாலைந்து வீடு முடிந்து ஒரு வீட்டுக்கு வந்தோம். ஒரு பெண் நிழலில் உட்கார்ந்து விதைக்குக் கடலை உடைத்துக்கொண்டிருந்தார். அவருடைய மூத்த மகன் மூன்றாம் வகுப்பில் இருந்தவன். வாசிக்க வரவில்லை என்று அம்மா அவனை அந்த ஆண்டு நிறுத்தி வைத்திருந்தார். இப்போது அவருடைய சின்ன மகனைச் சேர்க்கக் கேட்க வேண்டும்.

"வாங்க டீச்சர்," என்றார், எழுந்திருக்காமல். "மூத்தவன மூணாப்புலயே போட்டுட்டிய. இப்ப சின்னவனையும் கேட்டு வந்தாச்சாக்கும்."

"அவனுக்கு வாசிப்பு பத்தலம்மா. ஒரு வருசம் கூட இருந்தா நல்லாப் புடிச்சுக்கிருவான்."

"ஆமா. அவன் சோட்டுப் பிள்ளைக எல்லாம் நாலாப்பு. இவன் மட்டும் மாட்டைப் பத்திட்டுத் திரியணும். ஒங்க பிள்ளையும் மூணாப்புதான?"

"இதோ நிக்கால்ல. அவளும் அதே மூணாப்புதான்."

"அவ பாஸா?"

"பாஸுதான்."

அந்தப் பெண் கடலைத் தொலியைத் தட்டிவிட்டு, பக்கத்தில் கிடந்த ஒரு தாளை எடுத்தார். ஏதோ பொட்டலம் மடித்து வந்த செய்தித்தாள். அதைத் தொடையில் வைத்து நீவி என் தங்கையிடம் நீட்டினார். "எங்க, வாசி தாயி. டீச்சர் பிள்ளை வாசிச்சு நானும் ஒருநா கேட்டுக்கிடுதேன்."

மேலே பெரிய எழுத்தில் ஒரு தலைப்பு. 'அணையில் தண்ணீர் திறப்பு'. மூன்று சொற்கள். எல்லாமே மூன்றாம் வகுப்புப் பிள்ளை வாசிக்கக் கூடியவை.

தங்கை தாளை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். அதைப் பார்த்தாள். பிறகு அம்மாவின் வாயைப் பார்த்தாள். அம்மாவின் வாய் மூடியிருந்தது. பிறகு திரும்பித் தெருவைப் பார்த்தாள். தெருவில் யாரும் இல்லை.

"என்னட்டி, வாசி," என்றார் அம்மா.

"வரட்டும்."

"யாரு வரணும்?"

"எல்லாரும். பிள்ளைக வந்த பொறவு வாசிக்கேன்."

அம்மா தாளின் முதல் எழுத்தின் மேல் விரலை வைத்தார். "இது என்ன?" தங்கை விரலைப் பார்த்தாள். அம்மா அடுத்த எழுத்தில் விரலை வைத்தார். அதற்கும் இல்லை. பிறகு அம்மா மெல்லிய குரலில், "அ," என்று தொடங்கினார். உடனே தங்கை முகம் மலர்ந்து, "அ, அம்மா. ஆ, ஆடு. இ, இலை," என்று தலையை ஆட்டி ஆட்டி, தாளை மார்போடு அணைத்துக்கொண்டு, கடைசி எழுத்து வரை சொல்லி முடித்தாள்.

அந்தப் பெண் சிரித்திருக்கலாம். சிரிக்கவில்லை. தாளை வாங்கி மடித்துக் கீழே வைத்தார். "வெயில்ல வந்துருக்கு, பாவம். சின்னப்பிள்ளைதான டீச்சர்," என்றார். ஒரு கை கடலையை எடுத்துத் தங்கையின் பாவாடையில் போட்டார். பிறகு வீட்டுக்குள் பார்த்து, "ஏலே, இங்க வா. டீச்சர் காதைத் தொடச் சொல்லுதாக," என்று கூப்பிட்டார்.

சின்ன மகன் வந்து நின்று கையைத் தலைக்கு மேல் வளைத்தான். விரல் நுனி காது மடலைத் தொட்டது. அவன் பக்கத்தில் என் தங்கையும் தன் கையை வளைத்துத் தொட்டாள்.

அன்று மேற்கொண்டு எந்த வீட்டுக்கும் போகவில்லை. பேருந்தில் அம்மா சன்னல் ஓரம் உட்கார்ந்தார். ஸ்ரீவில்லிபுத்தூர் வந்து கோபுரம் தெரிந்ததும் தங்கை வழக்கம்போல் கும்பிட்டாள். எங்களையும் கும்பிடச் சொன்னாள். நான் கும்பிட்டேன். அம்மா பார்க்கவில்லை.

அந்த வாரம் முழுவதும் வீட்டில் சிலேட்டுச் சத்தம்தான். அம்மா ஒரு எழுத்தை எழுதி, பார்த்து எழுதச் சொல்வார். அதே போல் வரும். சில சமயம் அம்மா எழுதியதைவிட அழகாக வரும். இது என்ன எழுத்து என்றால் பேச்சு இருக்காது. இரண்டு எழுத்தை அடுத்தடுத்து எழுதி, எது அ, தொட்டுக் காட்டு என்றால், அம்மாவின் கண் போகும் பக்கத்தைத் தொடுவாள். அம்மா கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். அப்போது தங்கையும் கண்ணை மூடிக்கொண்டாள்.

வேலை முடித்து வந்த அப்பா அதைப் பார்த்துவிட்டுச் சட்டையைக்கூடக் கழற்றாமல் நின்றார்.

"போதும், விடு. பிள்ளை மெரளுது," என்றார்.

"மூணு வருசம். எங்கண்ணு முன்னாலதான இருந்தா."

"லீவுல மறந்துருக்கும்."

அம்மா நிமிர்ந்து பார்த்தார். அப்பா அதைக் கேலியாகச் சொல்லவில்லை. ஆறுதலுக்குத்தான் சொன்னார். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் யாரும் லீவில் மறந்துவிடும் என்று சொன்னதில்லை. அவர் அம்மாவை டீச்சரம்மா என்று கூப்பிடுவதையும் விட்டுவிட்டார்.

மதுரையில் ஒரு டாக்டரிடம் காட்டினார்கள். நானும் போயிருந்தேன். அவர் தங்கையிடம் விளையாட்டுப் போல் சில கேள்விகள் கேட்டார். மரக்கட்டைகளை அடுக்கச் சொன்னார். பிறகு எங்களிடம், சிலருக்குப் புத்தி மெதுவாகத்தான் வளரும், ஒரு அளவோடு நின்றும் விடும், அன்பாக வைத்துக்கொள்ளுங்கள், சின்ன வேலைகள் பழக்குங்கள் என்றார். மருந்து இல்லை என்றார். எழுதும்போது, "பேரன்ட்ஸ் என்ன பண்றீங்க?" என்று கேட்டார். "நான் மில்லுல இருக்கேன் சார்," என்றார் அப்பா. டாக்டர் அம்மாவைப் பார்த்தார். அம்மா, "வீட்டுலதான்," என்றார்.

ஜூன் பிறந்தது. பள்ளி திறந்த அன்று காலையில், மணி அடிப்பதற்கு முன்பே, அம்மா பெரிய சாரிடம் போய் நின்றார். ஒன்று, தன் மகளை மூன்றாம் வகுப்பிலேயே நிறுத்த வேண்டும். இல்லையென்றால் அந்தக் கடலை உடைத்த பெண்ணின் மகனை நான்காம் வகுப்புக்கு ஏற்ற வேண்டும். பெரிய சார் ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர், கோயில் தெருவில் வீடு, குரலை உயர்த்தாதவர். அவர் சொன்னதை அம்மா பிறகு வீட்டில் சொன்னார். "ரெண்டையும் செஞ்சிருவோம் டீச்சர். அந்தப் பயல எங்கிட்ட அனுப்புங்க, நான் வாசிக்க வச்சுக்கிடுதேன். ஒங்க பிள்ளை ஒங்ககிட்டயே இருக்கட்டும். இதுக்கு ஏன் அழுதிய?"

அவன் நான்காம் வகுப்புக்குப் போனான். நன்றாகவே வாசித்தான் என்று கேள்வி.

அம்மா அதோடு பாடம் நடத்தும் முறையை மாற்றினார். இரண்டாம் வகுப்பிலும் மூன்றாம் வகுப்பிலும் சேர்ந்து சொல்வது நின்றது. ஒவ்வொரு பிள்ளையும் தனியாக எழுந்து வாசிக்க வேண்டும். மற்றவர்கள் வாயைத் திறக்கக் கூடாது. நேரம் அதிகம் பிடித்தது. ஒன்றாம் வகுப்பில் மட்டும் பழையபடி கூட்டமாகப் பாடுவது இருந்தது, ஏனென்றால் அதை விட்டால் வேறு வழி இல்லை. என் தங்கை மூன்றாம் வகுப்பில் பேசாமல் உட்கார்ந்திருந்தாள். காதை மட்டும் ஒன்றாம் வகுப்புப் பக்கம் வைத்திருந்தாள். அந்த ஆண்டு முடிவதற்குள் தானாகவே அங்கே நகர்ந்து போய் உட்கார்ந்துவிட்டாள். அம்மா தடுக்கவில்லை.

அடுத்த ஜூனில் அவள் பெயர் பதிவேட்டில் இல்லை. ஆனால் அவள் போவது நிற்கவில்லை. பேருந்தில் அவளுக்கு எப்போதும் ஒரே இருக்கை. வகுப்பில் சிலேட்டுக் குச்சி கொடுப்பாள், கரும்பலகை துடைப்பாள், அழும் பிள்ளைகளைத் தண்ணீர்ப் பானைக்கு அழைத்துப் போவாள். பாடம் தொடங்கினால் எல்லாருக்கும் முன்னால் அவள் குரல்தான். புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் அவள் வாயைப் பார்த்துத்தான் சொன்னார்கள். அவர்கள் கற்றுக்கொண்டு அடுத்த வகுப்புக்குப் போனார்கள். ஜூனில் வேறு பிள்ளைகள் வந்தார்கள்.

கல்லூரி நாட்களில் ஒருமுறை, எனக்கு விடுமுறை என்று, நானும் அங்கே போயிருந்தேன். காலையில் அம்மா வருகைப் பதிவு எடுத்தார். ஒவ்வொரு பெயராகக் கூப்பிட, "உள்ளேன் டீச்சர்," என்று பதில் வந்தது. பதிவேட்டில் எல்லாப் பெயரும் முடிந்தது. அம்மா பேனாவை மூடிவிட்டு, தாளைப் பார்க்காமல், இன்னொரு பெயரைக் கூப்பிட்டார். என் தங்கையின் பெயர். அவள் எழுந்து நின்றாள். தாவணி போட்ட வயது. பாவாடையை நேர் செய்துகொண்டு, "உள்ளேன் டீச்சர்," என்றாள். வீட்டில் அம்மா என்று கூப்பிடுகிறவள், அங்கே மட்டும் டீச்சர் என்றாள். பிள்ளைகள் யாரும் சிரிக்கவில்லை. அவர்களுக்கு அது வழக்கமாகிவிட்டிருந்தது. அந்தக் கூடத்தில் அவள் தனியாக எழுந்து, யாருடைய குரலுக்கும் காத்திராமல் சொன்ன ஒரே பதில் அதுதான்.

பெரிய சார் ஓய்வு பெற்று வேறொருவர் வந்தார். அவரும் ஒன்றும் கேட்கவில்லை. அம்மா மாற்றலுக்கு விண்ணப்பிக்கவே இல்லை. செட்டியார்பட்டியில் இடம் காலியானபோது, வீட்டுக்குப் பக்கம், போகலாமே என்று எல்லாரும் சொன்னார்கள். அங்கே இவளை உட்கார விடுவார்களா என்று அம்மா அப்பாவிடம் கேட்டார். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது.

அந்தக் கடைசி மே மாதத்தில் அம்மா பிள்ளை பிடிக்கப் போகவில்லை. சேருகிறவர்கள் இனிப் புது டீச்சரின் பிள்ளைகள். தங்கை கடைசி வாரம் முழுவதும் தினமும் குடையை எடுத்துக் கதவுப் பக்கம் வைத்தாள். அம்மா எடுத்து ஆணியில் மாட்டுவார். மறுநாள் குடை கதவுப் பக்கம் இருக்கும். ஜூன் முதல் தேதி காலையில் அதைத்தான் நான் பார்த்தேன்.

நாங்கள் மூன்று பேரும் கிளம்பினோம். அப்பா வாசல் வரை வந்தார். "செத்த நேரம் பாரு. சரிப்படலன்னா கூட்டிட்டு வந்துரு. கெஞ்சாத," என்றார் அம்மாவிடம். தங்கையிடம், "சூதானமாப் போயிட்டு வா, டீச்சர்," என்றார்.

மலைப் பக்கம் சாரல் இறங்கியிருந்தது. கூமாப்பட்டி பேருந்தில் நடத்துநர் பழையவர். "என்ன டீச்சர், ரிட்டயர் ஆயிட்டியன்னாங்க?" என்றார். "ஒரு சாவி குடுக்கணும்," என்றார் அம்மா. அதற்குப் பிறகு வழி முழுவதும் அம்மாவின் உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. முதலில் சுலோகம் என்று நினைத்தேன். பிறகு கேட்டது. "இவ ஒரு ஓரமா ஒக்காந்துக்கிடட்டும்மா. ஒங்களுக்குத் தொந்தரவு தர மாட்டா." திரும்பத் திரும்ப அதையே சொல்லிப் பார்த்தார். ஒவ்வொரு முறையும் ஒரு சொல்லை மாற்றினார்.

புது டீச்சர் சின்னப் பெண். முதல் வேலை. கைப்பையை இன்னும் தோளிலிருந்து இறக்காமல் மேசைக்கு முன்னால் நின்றார். அம்மாவைப் பார்த்ததும், "மேடம்," என்று கையெடுத்துக் கும்பிட்டார். அம்மா பீரோ சாவியைக் கொடுத்தார். எந்தத் தட்டில் சிலேட்டு, எந்தத் தட்டில் வரைபடம், எந்தப் பூட்டு சிக்கும் என்று சொன்னார். சொல்லி முடித்தார். நின்றார்.

"இவ எம் மக," என்றார்.

"தெரியும் மேடம். எச்.எம். சார் சொன்னாங்க. ஒக்காரட்டும், அதுக்கென்ன. எனக்கும் ஒத்தாசையா இருக்கும்."

தயார் செய்து வைத்த வாக்கியம் தேவைப்படாமல் போயிற்று. "ரொம்ப சந்தோசம்மா," என்றார். தங்கை ஏற்கெனவே உள்ளே போய், ஒன்றாம் வகுப்பு வரிசையின் கடைசியில், தன் இடத்தில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் புதிதாகச் சேர்ந்த பிள்ளை ஒன்று அழுதுகொண்டிருந்தது. அவள் அதற்குத் தன் சிலேட்டைக் கொடுத்தாள்.

அம்மாவும் நானும் வெளியே வந்து சன்னல் பக்கம் நின்றோம். சாரல் காற்று சுழற்றி அடித்தது. அம்மா குடையை விரிக்கவில்லை.

"போவமா?" என்றேன்.

"பேர் கூப்பிட்டு முடிக்கட்டும்."

உள்ளே புது டீச்சர் பதிவேட்டைத் திறந்தார். மூன்றாம் வகுப்பு, இரண்டாம் வகுப்பு, பிறகு அன்று காலையில் எழுதிய ஒன்றாம் வகுப்புப் பெயர்கள். தெரியாத பெயர்களை நிறுத்தி நிறுத்தி வாசித்தார். முதலில் பையன்கள், பிறகு பெண்கள். ஒவ்வொரு பெயருக்கும் பதில் வந்தது. தங்கை முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தாள். பாவாடையை நேர் செய்தாள். எழுவதற்காக ஒரு கையைத் தரையில் ஊன்றிக்கொண்டாள்.

அம்மாவின் கை சன்னல் கம்பியைப் பிடித்திருந்தது. புது டீச்சர் கூப்பிடும் தூரத்தில்தான் இருந்தார். இன்னொரு பெயர் இருக்கிறது என்று அம்மா கூப்பிட்டுச் சொல்லவில்லை.

கடைசிப் பெயர் அழுதுகொண்டிருந்த அந்தச் சின்னப் பெண்ணுடையது. அவளுக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. மறுபக்கத்திலிருந்த பிள்ளை அவளுக்காகச் சொன்னது. புது டீச்சர் பேனாவை மூடினார். பதிவேட்டை மேசை இழுப்பறைக்குள் வைத்தார்.